நாடகத்தில் அது எந்த ஆண்டு?

கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு. கிழக்கே எட்டயபுரம். தென்கிழக்கே, ஓட்டப்பிடாரத்தை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி. தமிழின் புகழ்பெற்ற வரலாற்று நாடகத்தின் களம் அநேகமாக இந்தக் கரிசலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இடத்தில் குழப்பமில்லை, காலத்தில்தான் வம்பு.

சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957இல் மேடையேற்றிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1959இல் பி.ஆர். பந்துலுவின் படமாயிற்று. பார்ப்பவருக்கு, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனுக்குக் கலெக்டர் ஜாக்சனோடு மூண்ட வாக்குவாதமும் அவருடைய கயத்தாற்றுத் தூக்கும் அடுத்தடுத்து நடந்தவை போலிருக்கும். ஆவணப்படி இராமநாதபுரம் சந்திப்பு 1798 செப்டம்பர் 10. தூக்கு 1799 அக்டோபர் 16. இந்தப் பதின்மூன்று மாத இடைவெளியில், சந்திப்பில் நடந்ததை விசாரிக்கக் கிழக்கிந்தியக் கும்பினியே குழு அமைத்தது. ஜாக்சனின் பதவி போயிற்று, லஷிங்டன் வந்தார். நாடகாசிரியருக்கு இது சங்கடமான செய்தி. எதிரியை அவன் எசமானர்களே தண்டித்துவிட்டால் அடுத்த காட்சிக்குச் சூடு ஏது?

ஷேக்ஸ்பியரும் இப்படி வரலாற்றை வளைத்தவர்தான். 'நான்காம் ஹென்றி'யில் இளவரசனுக்குச் சமவயதுப் போட்டியாளனாக வரும் ஹாட்ஸ்பர், உண்மையில் இளவரசனின் தகப்பனைவிட மூத்தவர். 'ஜான் மன்னன்' நாடகத்திலோ 1215இன் மாக்னா கார்ட்டா பற்றிப் பேச்சே இல்லை. வயதைக் குறைப்பதும் மாதங்களை விழுங்குவதும் மேடையின் உரிமை என்பேன்.

நாடகத்தில் வரும் வரி விஷயம் அப்படியல்ல. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை 1792 உடன்படிக்கையில் ஆற்காட்டு நவாப் கும்பினிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். இதை மறைத்தால், வந்தேறி ஒருவன் திடீரென்று வரி கேட்டதாக ஆகிவிடும். மேடையில் கேட்கும் குரல் 1799இன் பாளையக்காரருடையதல்ல. விடுதலை பெற்றுப் பத்தாண்டு ஆன தமிழருடையது. கைதட்டலும் அதற்குத்தான் விழுந்தது.

ஆய்வுகள் வேறு கால எல்லைகளை வைக்கின்றன. கால்டுவெல்லின் 1881 திருநெல்வேலி வரலாறு கும்பினிக் கடிதங்களை ஒட்டிப் போகிறது. கே. ராஜய்யன் 1971இல் எழுதிய நூல் 1800-1801ஐத் தென்னிந்தியக் கிளர்ச்சி என்று விரித்துப் பார்க்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலும் கூத்தும் ஊர்வாய் நினைவைத் தருகின்றன. அந்த நினைவில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்குப் பெரிய இடம் உண்டு.

நாடகத்தில் எனக்கு உறுத்துவது, அவருடைய பிற்காலக் கதை விடுபட்டதுதான். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் எழுப்பினார். கும்பினிப் படை மார்ச் இறுதியில் தாக்கித் தோற்றது. மே 24இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற அதிகாரியே பின்னாளில் வியந்து எழுதினார். 1801 நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். 1799இல் திரையை இறக்கியதால் நமக்கு ஒரு தனி நாயகன் கிடைத்தான்; அண்ணன் போன பிறகும் கரிசல் சனம் ஏன் மண் சுமந்தது என்ற கேள்வி மேடைக்கு வெளியே நின்றுவிட்டது.