'செட்டி அட் ஹோம்' நல்ல கதை, நல்ல பாடமா?



பல இடங்களில் உள்ள கணினிகளை இணையம் வழி சேர்த்து, ஒரே பெரிய வேலையைச் செய்ய வைப்பதுதான் கிரிட் கம்ப்யூட்டிங். இதை வகுப்பில் விளக்கணும்னா நம்மில் பலர் முதலில் எடுப்பது 'செட்டி அட் ஹோம்' உதாரணம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய திட்டம் அது. அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த வானொலி அலைகளில் வேற்றுலக அறிவுயிர்களின் குறிப்பு உண்டா என்று, சும்மா கிடக்கும் வீட்டுக் கணினிகள் தேடின. 2020 மார்ச் இறுதியோடு புதிய வேலைகளை அனுப்புவது நின்றது.

கதை சுவையானது, மறுக்கவில்லை. மாணவர்கள் கண் விரியக் கேட்பார்கள். ஆனால் அந்த வண்ணத் திரையைக் காட்டி முடித்ததும் அவர்கள் மனத்தில் தங்குவது என்ன? "நிறைய கணினி சேர்ந்தா வேலை சீக்கிரம் முடியும்." இது பாதி உண்மைதான்.

மீதிப் பாதியைத் திரை காட்டுவதில்லை. முதலாவது, வேலையை எப்படி வெட்டினார்கள்? ஒவ்வொரு பொட்டலத்திலும் சுமார் 107 வினாடிப் பதிவு. ஒன்றை ஆராய மற்றொன்றின் விடை தேவையில்லை. இரகசியமே அங்கேதான் இருக்கு. இரண்டாவது, முன்பின் தெரியாதவர் கணினி தரும் விடையை எப்படி நம்புவது? ஒரே பொட்டலத்தை ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு அனுப்பி ஒப்பிட்டார்கள்.

இன்னொரு குறை. இதை மட்டும் காட்டினால் கிரிட் என்றாலே வீட்டுக் கணினிதான் என்று ஆகிவிடும். கண்டிப்பாகச் சொன்னால் இது தன்னார்வக் கணிமை. செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவுகளை, 40க்கும் மேற்பட்ட நாடுகளின் சுமார் 170 கணினி மையங்கள் ஒப்பந்தப்படி பகிர்ந்து ஆராய்கின்றனவே, அதையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்? திருக்குறளை எடுங்கள். 1330 குறள், வகுப்பில் 35 பேர் என்றால் ஆளுக்கு 38. 'கண்' என்ற சொல் எத்தனை குறளில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு தாள்களை மாற்றிக் கொடுத்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். விடை மாறினால் மூன்றாமவர் பார்க்கட்டும். வெட்டுவதும் சரிபார்ப்பதும் மாணவர் கைக்கே வந்துவிடும்.

அடுத்து, அதே 35 பேரிடம் ஆளுக்கு ஒரு வரியாக ஒரு கதை எழுதச் சொல்லுங்கள், ஒரே நேரத்தில். நடக்காது. முந்தைய வரி தெரியாமல் அடுத்த வரி எழுத முடியாதே! எந்த வேலையைப் பிரிக்க முடியாது என்பதை அந்தத் திணறல் சொல்லிவிடும்.

'செட்டி அட் ஹோம்' கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள். மாணவர்களே கேள்வி கேட்பார்கள்.