புகழுரையும் பொய்ச்சாட்சியும்

நூலொன்றுக்கு மதிப்புரை எழுதுபவர் இருவருக்குக் கடன்பட்டவர் ஆவார். ஒருவர் அந்நூலை ஆக்கியவர். மற்றவர் அதனைப் பொருள் கொடுத்து வாங்க எண்ணுபவர். முன்னவருக்குச் செலுத்த வேண்டுவது நடுவுநிலை. பின்னவருக்குச் செலுத்த வேண்டுவது உண்மை. இக்கடன் இலக்கியத் திறனாய்வுக்கு மட்டும் உரியதன்று. கடைப்பொருள்களைப் பற்றிய மதிப்புரைகளை இணையத்திற் படித்தபின் பணத்தைச் செலவிடும் வழக்கம் பெருகிவிட்டமையால், அங்கும் திறனாய்வின் ஒழுக்கம் வேண்டப்படுகிறது. நிழற்படக் கருவிகளைப் பற்றிய மதிப்புரைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

ஜொகூர் மாநிலத்தில் திருமணங்களையும் கோயில் விழாக்களையும் படமெடுத்துப் பிழைக்கும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். ஜொகூர் பாருவிலுள்ள இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் அவன் படமெடுக்கும்போது, எங்கும் பதிக்கப்பெற்ற கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியைச் சிதறடிக்கும். அத்தகைய ஒளியிலும் தடுமாறாத கருவி அவனுக்குத் தேவை. திருமண வீட்டில் தாலி கட்டும் நொடி தவறிவிட்டால், அதனை மீண்டும் நிகழ்த்திக் காட்டச் சொல்ல இயலாது. பல ஆயிரம் ரிங்கிட்டைத் தவணையிற் செலுத்தி அவன் வாங்கும் கருவி, முன்பின் அறியாத ஒருவர் எழுதிய சில பத்திகளை நம்பி வாங்கப்படுகிறது. அப்பத்திகள் பொய்யாயின், கெடுவது அவனுடைய தொழில்.

இத்துறையில் பொய் மூன்று வழிகளில் நுழைகின்றது. முதலாவது, விற்பவரே கூறும் பொய். 2018ஆம் ஆண்டு டிசம்பரில், சாம்சுங் நிறுவனத்தின் மலேசிய இணையப் பக்கத்தில், கேலக்ஸி ஏ8 ஸ்டார் கைப்பேசியின் படத்திறனை விளக்க ஒரு பெண்ணின் படம் இடம்பெற்றிருந்தது. அப்படம் கைப்பேசியால் எடுக்கப்பட்டதன்று. செர்பிய நாட்டுப் படக்கலைஞர் ஒருவர் பெரிய கருவியால் தம்மைத் தாமே எடுத்து, விற்பனைக்கு வைத்திருந்த படம் என்பதை அவரே வெளிப்படுத்தினார்.

இரண்டாவது, கூலிக்கு எழுதும் பொய். தைவானில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து, சாம்சுங் பொருள்களைப் புகழ்ந்தும் போட்டியாளரான எச்டிசியின் பொருள்களைக் குறைகூறியும் எழுதச் செய்தமைக்காக, அந்நாட்டு நியாய வணிக ஆணையம் 2013ஆம் ஆண்டில் சாம்சுங் நிறுவனத்துக்கு ஒரு கோடி தைவான் டாலர் தண்டம் விதித்தது.

மூன்றாவது, பற்றினால் விளையும் பொய். இதுவே நுட்பமானது, பெருங்கேடு விளைவிப்பதும் இதுவே. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் நிக்கான் நிறுவனம் டி600 என்னும் கருவியை வெளியிட்டது. படங்களின் மேல் ஓரத்தில் கரும்புள்ளிகள் தோன்றுவதாக வாங்கியவர்கள் முறையிட்டபோது, அந்நிறுவனத்தின் அன்பர்கள் பலர், தூசு படிவது எல்லாக் கருவிகளுக்கும் இயல்பென்றும், துடைக்கத் தெரியாதவர்களே குறை கூறுகின்றனர் என்றும் வாதிட்டனர். முறையிட்டவர்களுள் சிலரோ, தொடர்ந்து படமெடுத்துப் புள்ளிகள் பெருகுவதைக் கண்கூடாகக் காட்டினர். 2013 அக்டோபரில் புதிய ஷட்டர் பொருத்தப்பட்ட டி610 வெளிவந்தது. 2014 பிப்ரவரியில், உத்தரவாதக் காலம் முடிந்திருப்பினும் டி600 கருவிகளை இலவசமாகச் சோதித்து, ஷட்டரை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. குறை கூறியவர்களின் சொல் மெய்யாயிற்று. இடைக்காலத்தில் அன்பர்களின் சொல்லை நம்பி வாங்கியவர்களின் இழப்புக்கோ எவரும் பொறுப்பேற்கவில்லை.

தாம் வாங்கிய பொருளைப் புகழ்வது மனித இயல்புதானே என்று சிலர் வினவலாம். இயல்புதான். கைப்பொருளைக் கொடுத்து வாங்கியவர், பொருளின் குறையைத் தம் அறிவின் குறையாகக் கருதி மறைக்கின்றார். கூலி பெறாதவர் என்பதாலேயே அவர் சொல் எளிதில் நம்பப்படுகிறது, தீங்கும் ஆழமாகிறது. மறுபுறம், நிறுவனத்திடம் கருவியை இரவல் பெற்று எழுதுவோர் அனைவரும் பொய்யர் அல்லர். எல்லாக் கருவிகளையும் சொந்தப் பணத்தில் வாங்கிச் சோதிக்க எவராலும் இயலாது. பெற்றதை மறைப்பதே குற்றம்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றிய பொய்க் கூற்றுகளைத் தடை செய்கிறது. விற்பவரின் பொய்யைச் சட்டம் தண்டிக்கலாம்; பற்றினால் விளையும் பொய்யைத் தண்டிக்க எச்சட்டத்தாலும் இயலாது. அதற்குக் காப்பு, படிப்பவரின் தெளிவு ஒன்றே. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரத்தையே வகுத்திருப்பதை ஆசிரியர்கள் ஈண்டு மாணவர்க்கு நினைவூட்டலாம். எழுதியவர் பொருளை எவ்வாறு பெற்றார்? எத்தனை நாள் பயன்படுத்தினார்? தாம் எடுத்த படங்களைக் காட்டினாரா? குறையென ஒன்றையேனும் கூறினாரா? இவ்வினாக்களை எழுப்பப் பழகிய மாணவன் எளிதில் ஏமாறான்.

இவ்வினாக்கள் நம் இலக்கிய மேடைகளுக்கும் பொருந்தும். நண்பரின் நூலென்றால் புகழ்வதும், மாற்று அணியினரின் நூலென்றால் படிக்காமலே ஒதுக்குவதும் நம்மிடையே இல்லாத வழக்கங்கள் அல்ல. நூல் வெளியீட்டு விழாவில் முகமனுக்குச் சொன்ன சொல்லை நம்பி நூலை வாங்கி ஏமாந்த வாசகனும், மதிப்புரையை நம்பிக் கருவியை வாங்கி ஏமாந்த இளைஞனும் ஒரே வகையான அநீதிக்கு ஆளானவர்களே. படக்கருவி மதிப்புரையாளரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை, மதிப்புரை எழுத அமரும் தமிழாசிரியரும் மாணவரும் முதலில் தம் எழுத்தில் கடைப்பிடித்தல் வேண்டும்.