எழுத்தைப் பார்க்கும் சந்தையும் ஆர்.சி. புக்கைப் புரட்டும் சந்தையும்

கொழும்பில் பழைய கார் வாங்கப் போகிறவரின் கண் எஞ்சினுக்கு முன்னால் இலக்கத் தகட்டுக்குப் போகிறது. தகட்டிலுள்ள ஆங்கில எழுத்துகள் நாடு முழுவதற்கும் ஒரே வரிசையில் ஓடுவதுதான் காரணம். கே என்று தொடங்கும் இரண்டெழுத்து வரிசை கார்களுக்குத் தீர்ந்தபோது சிஏஏ என்ற மூன்றெழுத்து வரிசை வந்தது. அது சிஏபி, சிஏசி என்று நகர்ந்து சிபிஏவையும் தாண்டிவிட்டது. கார் எந்த ஆண்டுவாக்கில் பதிவானது என்பதை எழுத்தைப் பார்த்ததுமே வாகனத் தரகர் சொல்லிவிடுவார். விற்பனை விளம்பரத்திலும் 'கேஎக்ஸ் விட்ஸ்', 'சிஏஏ வெசல்' என்று எழுத்துதான் முன்னால் நிற்கும். இரண்டு கார்கள் ஒரே ஆண்டில் செய்யப்பட்டவையாக இருக்கலாம். ஆனாலும் பிந்திய எழுத்தைச் சுமக்கும் காருக்கு உரிமையாளர் கூடுதலாகத்தான் கேட்பார்.

சென்னையில் இந்த வித்தை செல்லாது. டிஎன் 09 என்றால் கே.கே. நகர், டிஎன் 37 என்றால் கோவை தெற்கு. ஊர் தெரியும், வயது தெரியாது. ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் தனித்தனி வரிசை. பெருநகரத்தில் விரைவாகத் தீரும் எழுத்து, சிறிய ஊரில் பல மாதங்கள் ஓடும். அதனால் இங்கே பேச்சு "எந்த வருஷ மாடல்? சிங்கிள் ஓனரா?" என்றுதான் தொடங்குகிறது. பிறகு ஆர்.சி. புக் திறக்கப்படுகிறது. அதில் பதிவுத் தேதியோடு உற்பத்தி மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும். பேரம் உண்மையில் சூடுபிடிப்பது அந்த இரண்டாவது வரியில்.

இரண்டு தேதிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் விஷயம். இந்தியாவில் அது பெரும்பாலும் சில மாதங்கள். டிசம்பரில் ஷோரூம்கள் தள்ளுபடியை அள்ளி வீசுவதற்குக் காரணம், ஜனவரி பிறந்ததும் கையிருப்பில் நிற்கும் கார் 'போன வருஷ மாடல்' ஆகிவிடுவது. தமிழ்நாட்டில் இதோடு பஞ்சாங்கமும் சேர்ந்துகொள்கிறது. மார்கழியில் வண்டி எடுக்க மனம் வராத குடும்பங்கள் தை பிறக்கட்டும் என்று காத்திருக்கின்றன. பொங்கல் முடிந்து மாலை போட்டு வெளியே வரும் காரின் பதிவு புது ஆண்டுக்கு உரியது. ஆனால் கார் நவம்பரிலோ டிசம்பரிலோ தொழிற்சாலையை விட்டு வந்ததாக இருக்கலாம். நான்கைந்து ஆண்டு கழித்து விற்கும்போது, வாங்க வருகிறவர் உற்பத்தி ஆண்டைச் சுட்டி ஒரு வருடத் தேய்மானத்தைக் கழிப்பார். ஆகவே டிசம்பர் தள்ளுபடி நல்லதா என்பது காரை எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பத்தாண்டு ஓட்டுகிறவருக்கு அது முழு லாபம். மூன்றாண்டில் மாற்றுகிறவர் தள்ளுபடியாகப் பெற்றதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தையில் முழு விலை கொடுத்துப் பழைய கையிருப்பை எடுத்தவருக்குத்தான் இரண்டு பக்கமும் நஷ்டம். சேஸிஸ் எண்ணோடு உற்பத்தி மாதமும் பொறிக்கப்பட வேண்டும் என்பது இந்திய விதி. பணம் கட்டும் முன் அதைக் காட்டும்படி கேட்க யாரும் தயங்கத் தேவையில்லை.

இலங்கையில் அந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீளும். அங்கே ஓடும் ஜப்பானியக் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்து, ஏலத்தில் வாங்கப்பட்டு, கப்பலேறி வந்தவை. துறைமுகத்தில் இறங்கியபின் புத்தம் புதிய இலக்கத் தகடு பெறுகின்றன. 2015இல் செய்யப்பட்ட ஒரு வேகன்ஆர் 2018இல் பதிவானால், தகடு அதை 2018ஆம் ஆண்டுக் காராகவே ஊருக்குக் காட்டும். நேர்மையான விற்பனையாளர்கள் '2015/2018' என்று இரண்டு ஆண்டுகளையும் விளம்பரத்தில் போடுகிறார்கள். இந்தியச் சந்தை இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டால் வாங்குகிறவர்களுக்குப் பெரும் உதவி.

இலங்கையில் உற்பத்தி ஆண்டைச் சோதிப்பதும் கடினம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களில் பதினேழு இலக்க சேஸிஸ் எண் இருக்காது. 'எம்எச்44எஸ்' போன்ற மாதிரிக் குறியீடும் ஒரு தொடர் எண்ணும் மட்டுமே. அதிலிருந்து ஆண்டை நேரடியாகப் படிக்க முடியாது. ஏற்றுமதிச் சான்றிதழையும் ஏலத் தாளையும் கேட்டு வாங்க வேண்டும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்த சீட்டும் உற்பத்திக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு 2020 மார்ச் வந்தது. இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. புதிய எழுத்துகள் ஏறக்குறைய நின்றுபோன நாட்டில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்கள் வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றன. தேய்மானம் என்ற கணக்கே தலைகீழானது. சம்பளக்காரர் ஒருவர் சேமித்து ஒரு சின்னக் கார் வாங்கும் கனவு அந்த ஆண்டுகளில் நொறுங்கியது.

இந்தியாவில் அப்படியொரு அதிர்ச்சி சந்தையிலிருந்து வரவில்லை, சட்டத்திலிருந்து வந்தது. பிஎஸ்-4 புகைத் தரத்தில் செய்த வாகனங்களை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதியவோ கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடு நெருங்கியபோது ஊரடங்கும் வந்து சேர, விற்ற வண்டியைப் பதிய முடியாமல் பலர் தவித்தனர். டெல்லியில் பதிவுத் தேதியின் கனம் இன்னும் அதிகம். டீசல் காருக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற வரம்பு அங்கே பதிவிலிருந்து எண்ணப்பட்டது. எட்டு, ஒன்பது வயதான டீசல் கார்கள் அங்கே மலிந்து, தடையில்லாச் சான்றோடு வேறு மாநிலங்களுக்குப் போயின. மற்ற மாநிலங்களில் பதினைந்து ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்கலாம், ஆனால் 2022 ஏப்ரல் முதல் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பதிவு ஆறு மாதம் பிந்தியிருந்தால் இந்தச் செலவும் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்பதால், பதினான்கு வயதுக் காரின் பேரத்தில் மட்டும் உற்பத்தி மாதத்தைவிடப் பதிவுத் தேதிக்கு மதிப்பு கூடுகிறது.

2025 பிப்ரவரியில் இலங்கை தனிப்பட்ட வாகன இறக்குமதியை மீண்டும் திறந்தது. பயன்படுத்திய கார் என்றால் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. அப்படி இறங்கியவற்றில் 2022இன் பிற்பகுதியிலும் 2023இலும் செய்யப்பட்ட கார்கள் 2025ஆம் ஆண்டு எழுத்துகளோடு ஓடுகின்றன. அவை அடுத்த சில ஆண்டுகளில் மறுவிற்பனைக்கு வரும்போது, ஏற்றுமதிச் சான்றிதழின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கும் உரிமையாளருக்கும் அதைத் தொலைத்தவருக்கும் ஒரே விலை கிடைக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் அந்தத் தாளைக் கேட்கத் தொடங்கினால் கிடைக்கவும் கிடைக்காது.