அரம் பிடித்த பொறியாளர்

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், இறக்கையின் நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கிறதா என்று பாருங்கள். கீழ்ப்பக்கத்துக் காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுழலாகி, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பைக் குறைக்கத்தான் இந்த வளைவு. யோசனை பழையது; 1970-களில் அதற்கு உருப்படியான வடிவம் தந்தவர் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்து ரிச்சர்ட் விட்கோம்ப்.

எனக்குப் பிடித்தது அவருடைய கைவேலை. காற்றுச் சுரங்கத்தில் வைத்த மாதிரி இறக்கையை அரத்தால் ராவுவார். வேண்டிய இடத்தில் கார் பட்டறைப் பட்டியைப் பூசி மேடாக்குவார். மறுபடி காற்றை ஓடவிடுவார். கணக்கு தெரியாதவரல்ல. காற்று போகும் வழி அவர் மனக்கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

ஒலிவேகத்தை நெருங்கும்போது விமானத்தின் மொத்தக் குறுக்குப் பரப்பு திடீரென்று கூடக் கூடாது என்பது அவர் கண்ட விதி. ஒலிவேகத்தைத் தாண்ட முடியாமல் திணறிய எஃப்-102 போர் விமானத்தின் உடலை, இறக்கை சேருமிடத்தில் இடுப்புபோல ஒடுக்கினார்கள். 1954 டிசம்பரில் தாண்டியது. மேற்புறம் தட்டையான இறக்கையும் அவர் ராவியதுதான். இன்றைய பயணிகள் விமானங்களில் அதன் சாயல் இருக்கிறது.