பேராதனைத் தாவரவியல் ஏடும் மேற்கோட்கணக்கும்

அறிவியல் ஏடொன்றின் தகுதியை எண்ணால் அளந்துரைக்கும் வழக்கம் இன்று கல்வியுலகெங்கும் வேரூன்றிவிட்டது. ஓர் ஏட்டிலே முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளைப் பிற ஆய்வாளர் ஓர் ஆண்டில் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என எண்ணி, அத்தொகையை அக்கட்டுரைகளின் தொகையால் வகுக்க வருவது தாக்கக் காரணி எனப்படும். அமெரிக்கரான இயூஜீன் கார்பீல்ட் 1955 இல் முன்மொழிந்த மேற்கோள் அட்டவணையினின்று கிளைத்த இவ்வெண், 1975 முதல் ஏடுதோறும் கணிக்கப்பெற்றுப் பட்டியலாக வெளிவருகின்றது. ஆய்வாளர் தம் கட்டுரையை எவ்வேட்டுக்கு அனுப்புவது என்று துணிவதும் பெரும்பாலும் இவ்வெண்ணை நோக்கியேயாகும். இலங்கைத் தாவரவியல் ஏட்டினை இக்கோலால் அளத்தல் தகுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பேராதனைப் பூந்தோட்டம் 1821 இல் தொடங்கியது. மூன் 1824 இல் வெளியிட்ட தாவரப் பட்டியலும், துவைற்ஸ் 1858 முதல் 1864 வரை இலத்தீனில் எழுதிய தொகுப்பும், திரைமென் 1893 இல் தொடங்கி, அவர் 1896 இல் மறைந்தபின் ஹூக்கர் 1900 இல் முடித்துக்கொடுத்த கைந்நூலும் அங்கே தோன்றியவை. இவையெல்லாம் நூல்கள். ஆய்வு முடிவுகளை அவ்வப்போது வெளியிடுதற்கு ஓர் ஏடு வேண்டுமென உணர்ந்தவர், 1896 இல் பூந்தோட்டத் தலைமையை ஏற்ற ஜோன் கிறிஸ்தோபர் வில்லிஸ் ஆவார். 1901 இல் ‘அன்னல்ஸ்’ எனப்பட்ட பேராதனை ஆய்வேடு பிறந்தது. தோட்டத்துரைமாருக்கு வேண்டிய இறப்பர், கொக்கோ முதலிய செய்திகளுக்குச் சுற்றுமடல்கள் தனியே வெளிவந்தமையால், பயன் கருதாத ஆய்வுக்கு இவ்வேட்டிலே இடமுண்டாயிற்று. அக்காலத்தை நோக்க இஃது எளிய செயலன்று. கோப்பிப் பயிரை அழித்த நோய் 1869 இல் தோன்றியதுமுதல் தாவரவியலார் என்பார் பயிர்நோய் தீர்க்கும் வைத்தியராகவே மதிக்கப்பட்டனர்.

முதற்றொகுதியிலேயே, ஓடும் நீரிற் பாறைகளைப் பற்றி வளரும் பொடொஸ்தெமேசிக் குடும்பத்தைப் பற்றி வில்லிஸ் ஏறக்குறைய 200 பக்கம் எழுதினார். 1906 இல் இறிற்றிகல மலையின் தாவரங்களை ஆராய்ந்த கட்டுரையும், கறையான் புற்றினுள்ளே வளரும் பூஞ்சணங்களைப் பற்றிப் பெற்ச் எழுதிய கட்டுரையும் வெளிவந்தன. 1924 இல் அவ்வேடு இலங்கை விஞ்ஞான ஏட்டின் தாவரவியற் பகுதியாயிற்று. ஆயின் 1912 இல் விவசாயத் திணைக்களமும், பின்னர்த் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தோன்றியமையால் ஆய்வின் போக்குப் பயிரை நோக்கித் திரும்பிற்று. 1957 முதல் பல்கலைக்கழகம் அதே பெயரில் உயிரியல் ஏட்டினை நடத்தலாயிற்று. 1959 இல் அதன்கண் அபேவிக்கிரம வெளியிட்ட பூக்குந் தாவரப் பட்டியல் 120 பக்கங்களுக்கு மேற்பட்டது. படிப்பதற்குச் சுவையற்றது, ஆயினும் அதனைப் புரட்டாது இந்நாட்டுத் தாவரங்களைப் பற்றி எழுதப் புகுந்தார் அரியர்.

இரண்டாண்டுக் கோலின் குறை இங்கே வெளிப்படுகின்றது. மருத்துவக் கட்டுரை ஈராண்டிற் பழையதாகலாம். தாவர வகைப்பாட்டுக் கட்டுரை அங்ஙனமன்று. பெற்சின் 1906 ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கறையான் பூஞ்சணத்தை ஆராய்வோர் ஒரு நூற்றாண்டின் பின்னும் தேடிச் செல்கின்றனர். அம்மேற்கோள்களுள் ஒன்றேனும் ஈராண்டுக் கணக்கில் ஏறாது. மேலும், தாவரம் ஒன்றின் இலத்தீன் பெயரை எழுதுந்தோறும் அதற்குப் பெயரிட்டவர் பெயரையும் சுருக்கி எழுதுவது மரபு. துவைற்ஸ் பெயரிட்ட மரத்தைக் குறிக்கும் ஒவ்வொருவரும் துவைற்ஸை எடுத்தாள்கின்றனர் என்றே கொள்ளல் வேண்டும். மேற்கோள் அட்டவணையோ அதனை எண்ணுவதில்லை.

இனி, இக்கணக்கின் பிறப்பினை ஆராயின் வியப்பொன்று தோன்றும். வில்லிஸ், திரைமெனின் கைந்நூலில் ஒவ்வோர் இனத்துக்கும் மிகப் பொது, பொது, அரிது, மிக அரிது என்றவாறு கொடுக்கப்பட்ட குறிப்புகளை எண்ணிப் பார்த்தார். இலங்கைக்கே உரிய இனங்கள் பெரும்பாலும் அரியனவாகவும், தென்னிந்தியாவிலும் உள்ளவை அவற்றினும் பொதுவாகவும், அப்பாலும் பரந்தவை மிகப் பொதுவாகவும் இருக்கக் கண்டார். இதனை 1915 இல் வெளியிட்டு, இனமொன்று பரந்த பரப்பு அதன் வயதைக் காட்டும் என்னும் கொள்கையை 1922 இல் நூலாக்கினார். ஓரினமே உடைய சாதிகள் மிகப் பல, பல இனங்களை உடைய சாதிகள் மிகச் சில என்பதும் அவர் கண்ட உண்மை. புள்ளியியலாரான யூல் 1925 இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். அதே வடிவம் சொற்களின் வழக்கு, நகரங்களின் பெருக்கம், ஆய்வாளர் எழுதும் கட்டுரைத் தொகை ஆகியவற்றிலும் உண்டென 1955 இல் ஹேர்பேட் சைமன் காட்டினார். 1976 இல் டெரெக் பிறைஸ் அதனை மேற்கோள்களுக்கு ஏற்றினார்: முன்னரே பலரால் எடுத்தாளப்பட்ட கட்டுரையே மேலும் எடுத்தாளப்படும், எஞ்சியவை மறைந்து கிடக்கும்.

பேராதனையிற் செடிகளை எண்ணியதினின்று கிளைத்த கணிதமே மேற்கோட்கணக்கின் இயல்பை விளக்குகின்றது என்க. அது விளக்குவதும் யாது? முன்பு பெற்ற புகழ் மேலும் புகழைச் சேர்க்குமாயின், பெரிய எண் பெரிய தகுதியைக் காட்டும் என்பது உறுதியன்று. அகவையாலும் அடைந்த வாய்ப்பாலும் எண் பெருகும். கொழும்பிலிருந்து வரும் ஏட்டுக்கும் இலண்டனிலிருந்து வரும் ஏட்டுக்கும் அவ்வாய்ப்பு ஒன்றன்று.

வில்லிஸின் கொள்கையே மற்றோர் எடுத்துக்காட்டு. 1916 இல் ரிட்லியும் 1917 இல் சின்னொற்றும் அதனை மறுத்தெழுதினர். அரிய இனம் இளமையானது என்பதேன், அழியும் முதுமையானதாகவும் இருக்கலாமே என்பது மறுப்பின் சாரம். மறுப்பே வலிது. ஆயின் மேற்கோளை எண்ணுவோன் ஏட்டில் மறுப்பும் ஒன்று, புகழ்ச்சியும் ஒன்று.

இவ்வாறு கூறியதால் பேராதனை ஏட்டுக்குக் குறையில்லை எனக் கொள்ளற்க. தீவுக்கே உரிய இனங்களில் வில்லிஸ் கொண்ட வேட்கை ஆய்வை மலைகளுக்கு ஈர்த்தது. புத்தளக் களப்பின் கரையிலே வளரும் கண்டலும் தில்லையும் இந்து சமுத்திரக் கரைகள் பலவற்றிலும் பரந்தவை. அவர் வகுப்பிற் ‘பரந்தவை’ என்னும் ஒரு சொல்லுள் அடங்குவன. அரிதன்று என்பதால் ஆராயத்தக்கதன்று எனல் பொருந்துமா? 1980 களிலிருந்து இறாற் பண்ணைகளுக்காகச் சிலாபம் தொடங்கிக் களப்புக்கரை நெடுகக் கண்டற்காடு வெட்டப்பட்டது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபின் கைவிடப்பட்ட குளங்களே பலவிடத்தும் எஞ்சின. பொதுவாயிருந்தது கண்முன்னே அரிதாயிற்று.

அதன்பின் கண்டல் நடுகை நாடெங்கும் நடந்தது. அதன் விளைவை ருகுணுப் பல்கலைக்கழகத்துக் கொடிகாரவும் துணைவரும் 23 இடங்களில் ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டனர். ஏறக்குறைய 1,000 முதல் 1,200 எக்டயரில் முயன்றும் 200 முதல் 220 எக்டயரே வெற்றி கண்டது. ஒன்பது இடங்களில் ஒரு செடியும் பிழைக்கவில்லை. நட்டவற்றுட் பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. முதலிரண்டும் புத்தளம் மாவட்டத்தவை. இத்துணைப் பயனுள்ள கட்டுரை வெளிவந்தது அயல்நாட்டு ஏடொன்றிலே. ஆசிரியரைக் குறைகூறல் அறமன்று. எண்ணைக் கொண்டு மதிக்கும் உலகில் அவர் வேறென் செய்வார்?

உள்நாட்டு ஏட்டில் வந்திருப்பினும் அது ஆங்கிலத்திலேயே வந்திருக்கும். திரைமென் தம் கைந்நூலிலே செடிதோறும் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் குறித்து வைத்தார். அப்பெயர்களை வழங்கும் மக்கள் படிக்கத்தக்க மொழியில் ஆய்வு முடிவுகளைத் தரும் அடுத்த படிக்கு ஏடு செல்லவில்லை. கட்டுரைதோறும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் ஒரு பக்கச் சிங்களச் சுருக்கமும் சேர்த்தல் அச்சுச் செலவாற் பெரிதன்று. ஏடு இணையத்திற் கட்டணமின்றிக் கிடைக்கும் இந்நாளில் அச்செலவும் இல்லை. நாற்றுக்கு எவ்விடம் ஏற்றது, நட்டபின் எத்துணைக் காலம் பேணல் வேண்டும் என்னும் இரண்டு செய்திகளேனும் அடுத்த மாரிக்கு முன் கற்பிட்டி மீனவர் சங்கத்தாரிடம் அவ்வழியே சேரும்.