புத்தளக் கரையும் வரலாற்றின் மாற்று வினாவும்

நடந்ததற்கு மாறாக நடந்திருந்தால் என்னும் வினாவை வரலாற்றாசிரியர் பலர் வீண் கற்பனையெனத் தள்ளுவர். நாம் தள்ளுவதற்கில்லை. ஆயின் அவ்வினா எவருடைய நிலையிலிருந்து எழுகின்றது என்பது நோக்கற்பாலது. 1867இல் உருசியா அலாஸ்காவை 72 இலட்சம் டொலருக்கு ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்றது. விற்காதிருந்தால் என வினவுவோர் பெரும்பாலும் தலைநகரங்களின் ஊதிய நட்டத்தையே எண்ணுகின்றனர். அந்நிலத்து மக்களை எண்ணுவதில்லை.

நம் நாட்டின் வடமேற்குக் கரையும் இவ்வாறே கைமாறியது. புத்தளம் கண்டியரசின் துறைமுகம். 1667இல் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கியமை, அத்துறைக்குச் செல்லும் நீர்வழியைத் தம் பிடிக்குள் கொணர்தற்பொருட்டேயாம். 1766 பெப்ரவரி 14ஆம் நாள் உடன்படிக்கையால் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் இழந்தான். சிலாபம், புத்தளம் உப்பளங்களில் உப்பெடுக்கும் சலுகை கண்டியருக்குக் கிடைத்தது. தம் கடலின் உப்பைப் பிறர் இசைவோடு அள்ளுதலும் ஒரு சலுகையாம்!

1795இல் கற்பிட்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1802இல் அமியன்ஸ் உடன்படிக்கை நன்னம்பிக்கை முனையை ஒல்லாந்தருக்கு மீளக் கொடுத்தது, இலங்கையைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்னும் வினாவே பெரிதும் கவர்ச்சியுடையது. எனினும் அதனாற் பயன் சிறிதே. மீளக் கொடுத்த முனையையே 1806இல் ஆங்கிலேயர் மறுபடியும் பறித்துக்கொண்டனர். கற்பிட்டிக்கு மட்டும் வேறு விதி வாய்த்திருக்கும் என்பதற்கு ஏதுவில்லை.

1766ஆம் ஆண்டைப் பற்றிய வினாவோ வேறு தன்மையது. புத்தளத் துறை கண்டியிடமே எஞ்சியிருப்பின், 1803ஆம் ஆண்டுப் போரிலும் 1815இலும் அவ்வரசு கடலும் உப்பும் அற்ற மலைக்கோட்டையாக நின்றிராது; பிற வல்லரசுகளோடு உறவாடவும் வழி இருந்திருக்கும். கண்டியாட்சியைப் பொற்காலமென நாம் கொள்ளவில்லை. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் அங்கும் நிலவியதே. எனினும் மக்கள் வாழ்வின் போக்கையே மாற்றியிருக்கக்கூடியது இவ்வினாவேயாம்.

கைமாறிய அக்கற்பிட்டியில் 1807இற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அவர் 1834இல் இலங்கையின் ஊர்களை எழுத்து வரிசையில் தொகுத்து நூலாக்கினார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் தந்தார். இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை. இதனை அடிமைப்பணி என இகழ்வாருடன் நாம் உடன்படோம். கைமாற்றியோரின் ஏட்டில் தன் ஊரையும் தன் மொழிப் புலவரையும் பதித்த உழைப்பு அது. ஆயினும் 1766 வேறாக முடிந்திருப்பின், கற்பிட்டியின் அறிஞரொருவர் தம் நாட்டை எம்மொழியில், எவருக்காகத் தொகுத்திருப்பார்?