முடிக்காமல் போனவர்களின் நாவல்கள்

அண்மையில் வாசித்தவற்றில் என்னை மிகவும் ஏமாற்றியது காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் கடைசி நாவல். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், அவருடைய பிறந்தநாளான மார்ச் 6 அன்று 2024இல் வெளிவந்தது. அதன் நாயகி ஆனா மக்தலேனா பாக் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16இல் தாயின் கல்லறைக்கு மலர் வைக்கத் தீவுக்குப் போகிறாள். அங்கே ஓர் இரவை முன்பின் தெரியாத ஆணுடன் கழிக்கிறாள். முதல் அத்தியாயத்தில் அவளுடைய அச்சமும் துணிச்சலும் பழைய மார்க்வெஸின் கையில் துடிக்கின்றன. அந்தப் பகுதியை அவர் 1999லேயே மேடையில் வாசித்துவிட்டார், சிறுகதையாகவும் வந்தது. அடுத்த அத்தியாயங்களில் அதே பயணம், வேறொரு ஆண், மெலிந்துகொண்டே போகும் உரைநடை. நினைவு மங்கிய நாட்களில் அவரே இதை அழிக்கச் சொன்னார். வெளியிட்டது துரோகம்தான் என்று மகன்கள் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நேர்மை பிடித்திருந்தது, நாவல் பிடிக்கவில்லை.

நபக்கோவும் எரிக்கச் சொல்லிவிட்டே 1977இல் இறந்தார். மகன் திமித்ரி 2009இல் வெளியிட்ட ‘தி ஒரிஜினல் ஆஃப் லாரா’வில் இருப்பவை 138 குறிப்பட்டைகள், அவரது கையெழுத்துடனேயே. நாவல் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனால் இருப்பதை இருப்பதாகவே காட்டினார்கள்.

என் கோபமெல்லாம் ஹெமிங்வேயின் ‘ட்ரூ அட் ஃபர்ஸ்ட் லைட்’ மீதுதான். ஏறக்குறைய இரண்டு லட்சம் சொற்கள் கொண்ட கென்யக் கையெழுத்துப் பிரதியை மகன் பேட்ரிக் பாதியாக வெட்டி, நூற்றாண்டு ஆண்டான 1999இல் நாவலாக வெளியிட்டார். எங்கே வெட்டினார், எதை ஒட்டினார் என்பது வாசகனுக்குத் தெரியாது. சலிப்பூட்டும் பக்கங்களில் நான் யாரைக் குறை சொல்வது, தந்தையையா மகனையா? 2005இல் ‘அண்டர் கிளிமஞ்சாரோ’ என்ற பெயரில் முழுமையான வடிவம் வந்த பிறகுதான் ஹெமிங்வேயிடமே பேச முடிந்தது.

ஹார்ப்பர் லீயின் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ அவர் உயிரோடிருந்தபோதே, 2015இல் வந்தது. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலுக்கு முந்தைய வரைவு அது. புது நாவலாக விற்றதால் பிரசங்கம் நிறைந்த நாவலாகத் தோற்றது. வரைவாக அச்சிட்டிருந்தால், பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப் துணையோடு ஓர் எழுத்தாளர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதற்கு அரிய சான்றாகியிருக்கும்.

இந்த வரிசையில் ஏமாற்றாத ஒன்றும் உண்டு: காம்யுவின் ‘முதல் மனிதன்’. 1960 கார் விபத்து நடந்த இடத்தில் கிடைத்த 144 பக்கக் கையெழுத்துப் பிரதியை மகள் கேதரின் 1994இல் வெளியிட்டார். படிக்க முடியாத சொற்களுக்கு அடையாளம், ஓரக் குறிப்புகள், பின்னிணைப்பில் நாவலுக்கான திட்டங்கள் எல்லாம் அப்படியே உள்ளன. போரில் மாண்ட தந்தையின் கல்லறை முன் நிற்கும் நாற்பது வயது மகன், தன்னைவிட இளையவர் அங்கே கிடக்கிறார் என்று உணரும் இடத்தில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

மார்க்வெஸின் வரைவுகள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன. அவற்றை இப்படி, திருத்தங்களோடும் அடித்தல்களோடும் யாராவது பதிப்பித்தால், இரண்டாம் முறை வாங்கிப் படிக்கக் காத்திருக்கிறேன்.